மிளகு இடித்த கல்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு பெப்ரவரிக் குளிரில், இத்தாலியின் பலெர்மோவில் பொலிதேயாமா அரங்குக்குப் பின்பக்கத் தெருவில் இருக்கும் ஒரு நாலாம் மாடி வீட்டில் இது தொடங்கியது. இப்போது நினைத்தாலும் எனக்கு முதலில் சிரிப்பு வரும், பிறகு வெட்கம் வரும்.

நான் மன்னார்க்காரி. அந்த வீட்டு எசமானி அம்மாவான சிஞ்ஞோராவிடம் அப்போது ஆறு வருடமாக வேலை செய்துகொண்டிருந்தேன். தனியாக வாழ்கிற பெண்மணி. பல்கலைக்கழகத்தில் பாறைகளைப் பற்றிப் படிப்பித்து ஓய்வு பெற்றவர். மற்றவர்கள் பீங்கான் அடுக்குகிற கண்ணாடி அலுமாரியில் அவர் கல் அடுக்கி வைத்திருந்தார். ரோட்டுக்குப் போடுகிற சாமானை ஏன் சிஞ்ஞோரா வீட்டுக்குள் வைத்திருக்கிறீர்கள் என்று பகிடி பண்ணுவேன். "நீ உன்ரை குசினியைப் பார்" என்பார். அவர் பேசுவது இத்தாலியன்தான். என் ஞாபகத்தில் அது எங்கள் தமிழாகவே கிடக்கிறது, அப்படியே எழுதுகிறேன். அவருடைய எழுதும் அறைக்குள் மட்டும் நான் போவதில்லை. அதை அவரே கூட்டித் துடைப்பார்.

அந்த மாதம் அந்த அறைக்கு வர்ணம் பூச இரண்டு பேர் வந்தார்கள். உள்ளே இருந்த சாமான்களைப் பல்கனிக்குத் தூக்கிப்போய், மேலே பிளாஸ்டிக் விரிப்புப் போட்டு, காற்றில் பறக்காமல் இருக்கக் கையில் அகப்பட்டதை எல்லாம் பாரமாக வைத்தார்கள். வர்ண மணமும் திறந்த ஜன்னலும் சேர்ந்து சிஞ்ஞோராவுக்கு நெஞ்சுச் சளி பிடித்துவிட்டது. இருமல் என்றால் அப்படி ஒரு இருமல். மல்லி, மிளகு, இஞ்சி, உள்ளி எல்லாம் இடித்துப் போட்டு, ஒரு துளி மஞ்சளும் சேர்த்து அவித்துக் கொடுக்காமல் என்னால் சும்மா நிற்க முடியவில்லை. குசினியில் ஒரு பளிங்கு உரல் அழகுக்கு இருந்தது, அதற்கு உலக்கை இல்லை. பல்கனியை எட்டிப் பார்த்தேன். விரிப்பின் ஒரு மூலையில் நீளமான கல் ஒன்று கிடந்தது. கைக்கு அடக்கம், நல்ல பாரம், ஒரு முனை உருண்டை. அடியில் வெள்ளையாக ஏதோ தெறித்திருந்தது. வர்ணக்காரர்கள் சிந்தியது என்று நினைத்து, இரும்பு நாரும் சவர்க்காரமும் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். அது இருந்த மூலையில் ஒரு பூச்சாடியை வைத்தேன்.

என்ன கல் அது! இரண்டு இடியில் மிளகு மாவாகியது. சிஞ்ஞோரா முதல் நாள் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தார், மூன்றாம் நாள் தானாகக் கேட்டு வாங்கிக் குடித்தார். புத்தகம் அடுக்க உதவிக்கு வந்திருந்த அவருடைய சிநேகிதிக்கும் ஒரு கோப்பை ஊற்றிக் கொடுத்தேன். அந்த அம்மாவும் பாறை படித்தவர்தான், மொண்டெல்லோவில் கடற்கரைப் பக்கம் வீடு. இரண்டு பேருக்கும் நாற்பது வருடச் சிநேகிதம். கல் குசினியில் கரண்டி போட்டு மூடுகிற லாச்சியில் ஒரு துணிக்குள் குடியேறிவிட்டது.

இரண்டு கிழமை கழித்து, அறைக்குள் எல்லாவற்றையும் திரும்ப வைத்தபோது, சிஞ்ஞோராவின் கல் ஒன்றைக் காணவில்லை. மேசையில் எப்போதும் இருப்பதாம். பெறுமதியானதா என்று கேட்டேன். அதற்கு விலையே இல்லை என்றார். உடனே என் புத்தி மாணிக்கக் கல்லுக்குப் போய்விட்டது. எப்படிப்பட்ட கல் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கட்டிலுக்கு அடியில் தேடினேன், கோட்டுப் பைகளை உதறினேன், தூசி உறிஞ்சும் மெசினின் பையைக் கடதாசியில் கொட்டி விரலால் கிளறினேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில், தொலைந்ததைத் தேடித் தருகிற புனித அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்திக் கல்லைக் காட்டித் தாரும் என்று மன்றாடினேன். திங்கட்கிழமை வந்து அதே கல்லால் மிளகு இடித்தேன். அந்தோனியார் அன்று தலையில் கை வைத்திருப்பார்.

சிஞ்ஞோராவின் சந்தேகம் சிநேகிதியின் மேல் விழுந்தது. அந்தக் கல் வீட்டு மேசையில் கிடக்கக் கூடாது, காட்சிசாலைக்குக் கொடு என்று அந்த அம்மா பல வருடமாகச் சொல்லி வந்தாராம். அறை கலைந்து கிடந்த நேரம் வந்ததும் அவர்தான். சிஞ்ஞோரா தொலைபேசியில் நேரே கேட்காமல் சுற்றி வளைத்துக் குத்தினார். பிறகு சத்தம் போட்டார். பிறகு கதை பேச்சு எதுவுமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிற சிநேகிதி அதோடு நின்றுபோனார்.

நான் ஒரு நாள் தயங்கித் தயங்கி, அந்த அம்மா அப்படிச் செய்யக்கூடியவர் இல்லையே என்றேன். "அவள் எடுக்கேல்லையெண்டால், என்ரை தலைதான் பிழைச்சுப் போச்சு" என்றார் சிஞ்ஞோரா. அவருடைய தாயார் கடைசிக் காலத்தில் மகளையே யாரென்று கேட்டவர். அந்தப் பயம் சிஞ்ஞோராவுக்கு எப்போதும் உண்டு. கல் தொலைந்த பிறகு வீடு முழுக்க மஞ்சள் துண்டுக் கடதாசிகளை ஒட்டத் தொடங்கினார். அடுப்பை நிறுத்து, கதவுத் திறப்பு ஆணியில், மாத்திரை குடித்தாயிற்று. பார்க்கவே எனக்குப் பாவமாக இருந்தது.

ஜூன் மாதம் ஒரு பின்னேரம் நான் மினுக்கிப் பெட்டியைச் சூடாக்கி உடுப்பு மினுக்கிக்கொண்டிருந்தேன். சிஞ்ஞோரா பழைய படங்களை மேசையில் பரப்பி வைத்திருந்தார். ஒன்றைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கறுத்த மலை, ஒரு பச்சை இலை இல்லை. இத்தாலிக்கு வருமுன் மஸ்கற்றில் மூன்று வருடம் வீட்டு வேலை செய்தேன். மொட்டை மாடியில் உடுப்புக் காயப்போடும்போது தினமும் முன்னால் நின்ற மலை அது. மழை தெரியாத மலை, வெயிலில் அடுப்புக் கல்லாகக் கொதிக்கும். அதைப் பார்த்துத்தான் என் அழுகையை எல்லாம் அழுதேன். எனக்குத் தெரியும் இந்த இடத்தை என்று கத்திவிட்டேன்.

சிஞ்ஞோராவின் முகம் மலர்ந்த மாதிரி நான் பல மாதமாகக் காணவில்லை. இளவயதில் அவரும் அந்தச் சிநேகிதியும் சுத்தியலைத் தூக்கிக்கொண்டு அலைந்த மலையாம் அது. நான் மினுக்கி வைத்த துவாய் இரண்டை எடுத்து மேசையில் விரித்தார். ஒன்று அரேபியா, மற்றது ஒரு பழைய கடலின் அடித்தளம். கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன் அரேபியாவுக்கு வடக்கே பெரிய கடல் இருந்தது. நிலங்கள் நெருங்கி வர அந்தக் கடல் ஒடுங்கியது. கடலடித் தளம் பாரமானது, அதனால் வழமையாக அது நிலத்துக்குக் கீழேதான் போய் மறையும். அங்கே மட்டும் ஒரு பெரிய துண்டு கீழே போகாமல் அரேபியாவின் விளிம்பில் ஏறி இருந்துவிட்டது. ஒரு துவாயைத் தள்ளி மற்றதன் மேல் ஏற்றிக் காட்டினார். பிறகு இரண்டையும் சேர்த்து நெரித்தார், மடிப்பு மேலே எழும்பியது. அதுதான் மலை என்றார்.

கடலடித் தளம் மட்டும் ஏறவில்லையாம். அதற்கும் கீழே, மனிதர் யாரும் தோண்டிப் போய்ப் பார்க்க முடியாத ஆழத்துப் பாறையும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டதாம். இரண்டும் சந்திக்கிற எல்லையை அந்த மலையில் காலால் மிதிக்கலாம். வற்றிக் கிடந்த ஒரு காட்டாற்றுப் பள்ளத்தில், அந்த எல்லை குறுக்கே ஓடுகிற ஒரு கல்லை இரண்டு பேரும் சேர்ந்து கண்டெடுத்தார்களாம். "இதுதான் என்ரை கல்லு" என்று அடுத்த படத்தைத் தந்தார்.

ஒரு பாதி சாம்பலில் வெள்ளைப் புள்ளி. மறு பாதி கபிலம் கலந்த கரும்பச்சை. நீளம், கைக்கு அடக்கம், ஒரு முனை உருண்டை. அடியில் வெள்ளை மையில் ஒரு இலக்கம்.

மினுக்கிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தேன். நான் மூன்று வருடம் பார்த்து அழுத மலையின் அடிவேர், உள்ளி மணத்தோடு பக்கத்து லாச்சியில் கிடந்தது. சொல்லப் பயமாக இருந்தது. அன்று வீட்டுக்குப் போகும்போது கல்லைத் துணியோடு என் பைக்குள் வைத்துக்கொண்டு போனேன். அன்றுதான் அது உண்மையிலேயே களவு போனது.

வீட்டில் சோடாத் தூள் போட்டு அவித்தேன், பல் தூரிகையால் தேய்த்தேன். மணம் குறைந்தது. வெடிப்புக்குள் போன மஞ்சள் அசையவில்லை. இடித்த முனை பழுப்பாகத் தேய்ந்திருந்தது. என் கணவர் கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தார், பிறகு நான் அழுவதைக் கண்டு நிறுத்தினார்.

"இதுக்கேன் அழுறீர்? நாளைக்கு அலுமாரிக்குப் பின்னாலை வைச்சிட்டு, கூட்டேக்கை கண்டனான் எண்டு எடுத்துக் குடும். ஆருக்கு என்ன நட்டம்?"

"தான் வைச்சு மறந்தனான் எண்டெல்லே சிஞ்ஞோரா நினைப்பா?"

"நினைச்சா நினைக்கட்டுமன். வேலை போனால் பிறகு என்ன செய்யிறது?"

அவர் சொன்னது பிழை இல்லை. வேலை போனால் பெர்மெஸ்ஸோவை, இங்கே தங்கி இருக்கிற அனுமதியை, புதுப்பிக்கும்போது என்ன காட்டுவது? எனக்கும் அந்த யோசனை பிடித்துத்தான் இருந்தது. மறுநாள் காலையில் பேருந்தில் போகும்போதும் அலுமாரியின் எந்தப் பக்கம் வசதி என்று கணக்குப் போட்டுக்கொண்டுதான் போனேன். கதவைத் திறந்தால், கண்ணாடியில் புதிதாக ஒரு மஞ்சள் கடதாசி. இன்று எந்த நாள் என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தார். எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

கோப்பியோடு கல்லையும் அவர் முன்னால் வைத்தேன். தெரிந்த இத்தாலியன் எல்லாம் மறந்துபோனது. மிளகு, உள்ளி, உங்கள் இருமல், நான்தான் என்று துண்டு துண்டாகச் சொன்னேன். அவர் கல்லைத் திருப்பி அடியைப் பார்த்தார். இலக்கம் எங்கே என்றார். தேய்த்துக் கழுவினேன் என்றேன். முகம் வெளிறியது. எழும்பிப் போய் அறைக் கதவைப் பூட்டிக்கொண்டார். நான் ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன்.

அரை மணித்தியாலத்தால் வெளியே வந்தார். கண் சிவந்திருந்தது.

"நான் அதை மேசையிலைதான் வைச்சனான், என்ன?"

"ஓம் சிஞ்ஞோரா. மேசையிலைதான் இருந்திருக்கும். வர்ணக்காரர்தான் வெளியிலை கொண்டு போனவை."

"அப்ப என்ரை தலை நல்லாத்தான் இருக்கு" என்றார். சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்து குழந்தை மாதிரி விம்மினார். பிறகு நிமிர்ந்து, இன்னொரு முறை என் கல்லைத் தொட்டால் கையை முறிப்பேன் என்றார். வேலை போகவில்லை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அன்றே என்னையும் இழுத்துக்கொண்டு மொண்டெல்லோ போனார். கடற்கரைக்குப் போகிற சனத்தால் பேருந்து நிரம்பி வழிந்தது. நான் கல்லை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு போனேன். சிநேகிதி கதவைத் திறந்தார், உள்ளே வா என்று சொல்லவில்லை. சிஞ்ஞோரா என்னை முன்னால் தள்ளினார். கடைசியில் நான்தான் வாசலில் நின்று கதை முழுவதையும் சொன்னேன். அந்த அம்மா என்னைப் பார்க்கவே இல்லை, சிஞ்ஞோராவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலு மாசம். ஒருக்கா நேரை கேட்டிருக்கலாமே?" என்றார்.

"கேட்டு, நீ இல்லையெண்டு சொல்லியிருந்தால், நான் அம்மா மாதிரி ஆகிறன் எண்டு ஒத்துக்கொள்ள வேணும். அதுக்குப் பயந்துதான் உன்னைக் கள்ளியாக்கினனான். மன்னிச்சுக்கொள்."

அந்த அம்மா உடனே மன்னித்துவிடவில்லை. கல்லை வாங்கி, ஜன்னலடிக்குப் போய், கண்ணில் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். எல்லைக் கோட்டின் வெடிப்பில் இருக்கிற இந்த மஞ்சள் என்ன, நாங்கள் எடுக்கும்போது இது இல்லையே என்று வாத்தியார் குரலில் கேட்டார். கறி மஞ்சள் என்றேன். அப்படியானால் பெப்ரவரியில் எனக்குக் குடிக்கத் தந்தது என்று தொடங்கி, முடிக்க முடியாமல் சிரித்தார். சிஞ்ஞோராவும் சிரித்தார். இரண்டு பேரும் கதிரையில் விழுந்து, கண்ணீரைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்கள். என்னை இருக்கச் சொல்லி எலுமிச்சைச் சாறு தந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு மீண்டும் தொடங்கியது, ஆனால் கொஞ்ச நாள் அந்த அம்மாவின் பேச்சில் ஒரு குத்தல் இருந்துகொண்டேதான் இருந்தது. பிறகு பழைய குறிப்புப் புத்தகத்தைப் பார்த்து இலக்கத்தைத் திரும்ப எழுதி, கல்லைக் காட்சிசாலைக்கே கொடுத்துவிட்டார்கள்.

அன்று மொண்டெல்லோவிலிருந்து திரும்பி வரும்போது பேருந்தில் சிஞ்ஞோரா மெதுவாகக் கேட்டார், எங்கேயாவது ஒரு மூலையில் போட்டுவிட்டுக் கண்டெடுத்தேன் என்று சொல்லியிருக்கலாமே என்று. நீங்கள் உங்கள் தலையைச் சந்தேகப்படுவீர்களே என்றேன். அவர் என் கையைப் பிடித்தார், இறங்கும் வரை விடவில்லை. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கண்ணாடியில் ஒட்டியிருந்த கடதாசியைக் கிழித்தார். என் வேலையைக் காப்பாற்ற நான் சொல்ல இருந்த அந்தச் சின்னப் பொய், ஒரு மனுஷிக்குத் தன் மேலேயே இருந்த நம்பிக்கையைப் பறித்திருக்கும் என்று நினைக்கும்போது இன்றைக்கும் எனக்கு நெஞ்சு பதறுகிறது.