செல்வியின் ஃபில்லிங் எங்கே போனது?

போன செவ்வாய்க்கிழமை காலை. என் மனைவி செல்வி கண்ணாடி முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். ஐந்து மாதக் கர்ப்பிணி.

"ஏனுங்க... பல்லு அடைச்சதக் காணோம்!"

நான்கு நாள் முன்புதான் தர்மபுரியில் சொத்தை முன்பல்லை அடைத்துக்கொண்டு வந்தோம். பல் நிறத்திலேயே இருக்கும் ஃபில்லிங். கொஞ்ச நாள் கடித்துச் சாப்பிட வேண்டாம் என்று டாக்டரம்மா சொன்னதால் மூன்று வேளையும் ராகிக் களிதான். எங்கள் நல்லம்பள்ளிப் பக்கம் களியை யார் மெல்லுகிறார்கள்? உருட்டி, குழம்பில் தோய்த்து விழுங்குவதுதானே!

"களியோட கெட்டியா என்னமோ எறங்குச்சுங்க."

டார்ச் அடித்துப் பார்த்தேன். புதுசாக, வெள்ளையாக எதுவுமே இல்லை. முந்தின நாள்தான் அக்கா வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள் – 'பல் கலர் ஃபில்லிங் பிளாஸ்டிக் விஷம், வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது'. யார் எழுதியது? தெரியாது. அந்த நிமிஷம் அதுதான் வேதவாக்கு.

பைக்கில் ஏற்றப் பயம். பஸ்ஸில் போனோம். வழி முழுக்க ஒரு கையை வயிற்றில் வைத்தபடியே வந்தாள்.

"புள்ளைக்கு ஒண்ணும் ஆவாதில்லீங்க?"

தர்மபுரியில் இறங்கியதும் நேராக அதே டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன்.

"இருமல், மூச்சுத் திணறல் இருக்குதுங்களா?" என்று கேட்டார் டாக்டரம்மா. இல்லை. வாய்க்குள் சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்தார். கருவியால் பல்லைத் தட்டினார்.

"இருக்குதுங்களே!"

"வெள்ளையா ஒண்ணையும் காணோமேங்க?" என்றேன்.

"இவங்க பல்லு எங்க வெள்ளையா இருக்குது? பழுப்புக் கோடு ஓடுதில்ல... அதுக்குத் தோதா ரெண்டு கலர் சேர்த்து வெச்சேன்."

"அப்ப முழுங்கினது?"

"களி யாரு கிண்டுனது?"

நான்தான். மாவு கட்டி தட்டியிருக்கிறது.

"அது விஷம்னு சொல்றாங்களே..." செல்வி இன்னும் விடவில்லை.

"ஆரம்பத்துல துளியூண்டு கசியலாங்க, பயப்படற அளவுக்கு இல்ல. லைட் அடிச்சு இறுகிட்டா அது பாட்டுக்குக் கெடக்கும். முழுங்கியிருந்தாலும் தானா வெளிய போயிருக்கும்." கையுறையைக் கழற்றியபடி கேட்டார்: "வூட்ல எந்தத் தண்ணி குடிக்கறீங்க?"

"போர் தண்ணிதாங்க. ஒகேனக்கல் ஆத்துத் தண்ணி குழாயில வருது, ருசி பத்தல" என்றேன்.

"பல்லு பழுப்பானதே அந்த மாதிரி போர் தண்ணியாலதாங்க. அதுல ஃப்ளோரைடுங்கற உப்பு அதிகம். பல்லோட நிக்காது, எலும்புக்கும் போவும். மொதல்ல அத நிறுத்திட்டு, குழாய்த் தண்ணியவே குடிங்க."

எனக்கு வெட்கமாக இருந்தது. அரிசி அளவுகூட இல்லாத ஃபில்லிங்குக்காக அலறியடித்து ஓடி வந்தோம். பிறந்தது முதல் குடம் குடமாக உள்ளே போனதைப் பற்றி ஒரு நாளாவது கேட்டோமா?

வீட்டுக்கு வந்ததும் பழக்க தோஷத்தில் போர் தண்ணியை மொண்டேன். செல்வி சொம்பைப் பிடுங்கிக் கீழே ஊற்றிவிட்டாள் – இன்னொரு கை அப்போதும் வயிற்றில்தான் இருந்தது.