படம் முடியுமுன் ஒரு மொட்டை

சொர்ணலதாவுக்கு ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையின் பேக்கிங் பிரிவில் வேலை; ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் இயக்குநர். சொந்த ஊர் மாதேஸ்வரன் மலைப் பக்கத்துக் கௌதள்ளி. தன் முதல் குறும்படத்துக்கு ஆள் தேடி அவர் அலையவில்லை. கம்பெனி பஸ்ஸிலேயே பிடித்துவிட்டார். பஸ்ஸை ஓட்டும் ரத்தினவேல்தான் கதாநாயகன். சொர்ணலதாவின் பக்கத்து சீட் ரூபா ஒலிப்பதிவு. தரை துடைக்கும் கம்பில் மைக்கைக் கட்டித் தூக்கிப் பிடிப்பார். ரூபாவின் தம்பி யுவன் கல்யாண வீடியோ எடுப்பவர் என்பதால் கேமராவும் வந்து சேர்ந்தது.

ஸ்கூட்டரைத் தொலைத்தவன் மண்டி மொஹல்லா சந்துகளில் அதைத் தேடுவதுதான் கதை. வண்டி திரும்பக் கிடைக்கும் கடைசிக் காட்சி மட்டும் பாக்கி. நாளை முதல் யுவனுக்கு வரிசையாகக் கல்யாணங்கள். போட்டிக்குப் படம் அனுப்ப இந்த வாரமே கடைசி. இன்று எடுக்காவிட்டால் படமே இல்லை.

ரத்தினவேல் வந்தார். மழுமழுவென்று மொட்டை, அதன்மேல் சந்தனம்.

"அண்ணா! முடி எங்க?"

"படம் நல்லபடியா முடியோணும்னு மாதேஸ்வரனுக்கு வேண்டியிருந்தனுங்க அம்மணி."

"படம் முடிஞ்சப்புறந்தான மொட்டை?"

"நேத்துத்தான் லீவு குடுத்தாங்க. சாமிக்கு அட்வான்ஸாக் குடுத்துட்டனுங்க."

"தொப்பி போட்டுப் பாக்கலாம் குரு," என்று கன்னடக்காரர் பாணியில் ரத்தினவேலை அழைத்தபடி யுவன் தன் தொப்பியை அவர் தலையில் கவிழ்த்தார்.

"இப்ப ஸ்கூட்டரைத் திருடினவரு மாதிரி இருக்காரு," என்றார் ரூபா.

சொர்ணலதா மட்டும் சிரிக்கவில்லை. "அண்ணா, நெசமாவே உங்க வண்டி தொலைஞ்சிருந்தா என்ன பண்ணுவீங்க?"

"மாதேஸ்வரனுக்கு வேண்டிக்குவனுங்க. கெடச்சா மொட்டை."

"தொப்பியைக் கழட்டுங்க. வசனம் ஒண்ணும் வேண்டாம். அந்த முக்குலருந்து வண்டியை ஓட்டிட்டு வாங்க, போதும்."

ரத்தினவேலின் முகம் தொங்கிப்போனது. "ரெண்டு பக்கம் மனப்பாடம் பண்ணியிருக்கனுங்களே!"

"நாளைக்கு பஸ்ஸுல சொல்லிக் காட்டுங்க. கேட்டுக்கறோம்."

கேமரா ஓடியது. சந்து முனையில் முதலில் ஹாரன், பிறகு வெயிலில் மின்னும் மொட்டை, அதன் கீழே ஸ்கூட்டர். வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர், ஞாயிறுதோறும் இவர்களை வேடிக்கை பார்த்தவர், மூட்டையைப் போட்டுவிட்டு நடுச்சந்துக்கே வந்துவிட்டார். கிடைத்துவிட்டதா என்று கன்னடத்தில் கத்தினார்: "சிக்தா ஸ்கூட்டரு?"

"சிக்து!" என்று இரண்டு கையையும் தூக்கினார் ரத்தினவேல். வண்டி ஆடியது. சந்து முழுக்கக் கைதட்டல்.

யுவன் திரும்பிப் பார்த்தார். 'கட்' சொல்ல வேண்டிய சொர்ணலதாவும் கைதட்டிக்கொண்டிருந்தார்.