முள் பார்த்த திசை

பள்ளிக்கூடம் போன காலத்தில் பெரிய டீச்சர் காந்தத்தைத் தொட்டதே கிடையாது. லாடம்போல வளைந்த ஒரு படம் பாடப்புத்தகத்தில் இருந்தது. அதைப் பார்த்து வரைந்து முழு மதிப்பெண் வாங்கினாள், அவ்வளவுதான். நிஜமான காந்தம் கைக்கு வந்தது கல்யாணமான புதிதில். கணவர் ஸ்பீக்கர் பழுதுபார்க்கும் மெக்கானிக். கெட்டுப்போன ஸ்பீக்கர்களிலிருந்து கழற்றிய இரண்டு கறுப்பு வளையங்களை அவளிடம் நீட்டி, "எங்க, இதை ஒட்ட வை பாக்கலாம்" என்றார்.

இதென்ன பிரமாதம் என்று அமுக்கினாள். வளையங்கள் வழுக்கிக்கொண்டு விலகின. நடுவே ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாதது அவள் கையைத் தள்ளியது. திடுக்கிட்டுக் கீழே போட்டவள், உடனே குனிந்து எடுத்து, அடுப்பில் வைத்ததை மறந்து அதையே அமுக்கிக்கொண்டிருந்தாள். "நீ கட்டிக்கிட்டது என்னையா, காந்தத்தையா?" என்று மெக்கானிக் இன்றைக்கும் கேட்பார்.

பெற்ற பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போய்விட்டார்கள். முழங்காலை மடக்கினால் சத்தம் போடுகிறது. இருந்தும், மழலையர் வகுப்பில் காந்தப் பாடம் என்றால் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. ஆள் குள்ளம்; குட்டி நாற்காலிகளுக்கு நடுவே நிற்பதால்தான் 'பெரிய' டீச்சர்.

இந்த வருஷம் வளையங்களோடு இன்னொன்றையும் பையில் போட்டுக்கொண்டாள். சட்டைப் பொத்தான் அளவுக் காந்தம். வெள்ளிபோல மின்னும், பிடி அசுரப் பிடி.

"அது வேணாம்" என்றார் மெக்கானிக். "பொடுசுங்க கிட்ட கொண்டு போற சாமானா அது? வாயில போட்டுட்டா ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடணும்."

"என் கையை விட்டுப் போகாது. விடுங்க."

வகுப்பில் அவள் உள்ளங்கையை விரித்து ஒரு குண்டூசியை வைத்தாள். புறங்கைக்கு அடியில் பொத்தான் காந்தம். அதை நகர்த்த, குண்டூசி கைரேகைமேல் ஊர்ந்தது. முன்வரிசை எழுந்து நெருங்கி வந்தது.

"டீச்சர், உங்க கையில ஓட்டை இருக்கா?" என்றான் முன்பல் விழுந்த பையன்.

"நீயே பாரு."

இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான், மோந்துகூடப் பார்த்தான். "இல்ல" என்றான் ஏமாற்றத்தோடு.

அடுத்து, பொத்தான் காந்தத்தை ஒரு கையில் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, சாவிக்கொத்தில் தொங்கும் திசைகாட்டியை மறுகையில் நீட்டினாள். எப்படித் திருப்பினாலும் முள் ஜன்னல் பக்கமே போய் நின்றது.

"யாரு டீச்சர் அதை இழுக்கறாங்க?"

"நாம நிக்கறோமே, இந்தப் பூமிதான். அதுவும் ஒரு காந்தம்."

ரெட்டைச்சடைக்காரி ஒரு காலைத் தூக்கி அடியில் பார்த்தாள். "அப்ப நாம ஏன் ஒட்டிக்கல?"

"நீ என்ன இரும்பா?"

"இல்ல. எலும்பும் தோலும்னு எங்கம்மா சொல்லுவாங்க."

சிரித்துக்கொண்டே வளையங்களைக் கையில் கொடுத்தாள். "வகுப்புல இருக்கற எல்லாத்துலயும் வெச்சுப் பாருங்க. எதுல ஒட்டுது, எதுல ஒட்டலன்னு எனக்குச் சொல்லணும்."

பிள்ளைகள் சிதறினார்கள். ஒருவன் வளையத்தைக் கால்மேல் நழுவவிட்டு அலறினான். பொத்தான் காந்தத்தை மேஜையில் வைத்துவிட்டு ஓடியவள், அவன் பக்கத்தில் உட்கார்ந்து விரலை நீவிவிட்டாள். நாலைந்து பேர் அவள் முதுகில் சாய்ந்து வேடிக்கை பார்த்தார்கள். திரும்பி வந்தால், மேஜையில் திசைகாட்டி மட்டும் இருந்தது.

"குட்டிக் காந்தம் யார்கிட்ட?"

பிள்ளைகள் மேஜைக்கு அடியில் குனிந்து தேடினார்கள். ரெட்டைச்சடைக்காரிதான், "உங்ககிட்டதான் டீச்சர் இருக்கு" என்றாள்.

"என்கிட்டதான்மா இருந்துது. இப்பக் காணோமே."

கைகளை விரிக்கச் சொன்னாள், பைகளைக் கவிழ்த்தாள், வாய்களைத் திறக்கச் சொன்னாள். ஆயாம்மா ஒரு வளையத்தை எடுத்து மூலைமுடுக்கெல்லாம் துழாவியதில் இரண்டு ஹேர்பின் வந்தது.

"டீச்சரம்மா, எந்தப் பொடுசாச்சும் முழுங்கிடுச்சோ?"

அவள் நினைக்கவே பயந்ததை ஆயாம்மா சொல்லிவிட்டாள். வாசலில் வந்து நிற்கப்போகிற எந்த அம்மாவிடம் போய் என்னவென்று சொல்வது? அப்போதுதான் மேஜைமேல் திசைகாட்டி கண்ணில் பட்டது. கையைத் தாண்டி இழுக்கிற காந்தம் வயிற்றைத் தாண்டி இழுக்காதா?

சட்டையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள், ஒரே கெக்கலிப்பு. அவள் மண்டியிட்டு, தோள் உரசும் அளவுக்குக் குனிந்து, முன்பல் விழுந்தவன் வயிற்றருகே திசைகாட்டியைப் பிடித்தாள். முள் ஜன்னலை விட்டுத் திரும்பி, வேறு பக்கம் பார்த்து நடுங்கியது.

"ஆயாம்மா... இவன்தான்."

"நான் பால்தான் குடிச்சேன்!" என்று அவன் அழ ஆரம்பித்தான்.

எதற்கும் இருக்கட்டும் என்று அடுத்தவள் வயிற்றிலும் பார்த்தாள். முள் திரும்பியது. அதற்கடுத்த வயிற்றிலும் அதே கதை.

"ஒரு காந்தத்தை மூணு பேரு எப்படி முழுங்கும்?" என்றாள் ஆயாம்மா. "உடைச்சுப் பங்கு போட்டுக்கிச்சுங்களோ?"

ரெட்டைச்சடைக்காரி முறை வந்தது. அவள் குனிந்து தானே பார்த்தாள். "முள்ளு எங்களைப் பாக்கல டீச்சர். உங்களைத்தான் பாக்குது." டீச்சர் புடவையைத் தோளில் குத்தியிருந்த ஊக்கைக் காட்டினாள். "அங்க ஒட்டிச்சு. எல்லாத்துலயும் வெச்சுப் பாக்கச் சொன்னீங்கல்ல? உங்ககிட்டதான் இருக்குன்னு அப்பவே சொன்னேனே."

பெரிய டீச்சர் தோளைத் தடவினாள். சில்லென்று ஒரு பொத்தான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுதவனை இழுத்து மடியில் வைத்து மூக்கைத் துடைத்துவிட்டாள்.

பிறகு காந்தத்தைக் கழற்றித் திசைகாட்டியின் அருகே கொண்டுபோனாள். முள் சட்டென்று திரும்பியது. இத்தனை பெரிய பூமி, மலையும் கடலுமாக அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறது; ஒரு பொத்தான் கிட்டே வந்ததும் முள் இந்தப் பக்கம் வந்துவிடுகிறது. இத்தனை வருஷம் பாடம் எடுத்தும் இது அவளுக்குத் தோன்றியதில்லை. அதைப் பிள்ளைகளிடம் அப்படியே சொன்னாள்.

மடியில் இருந்தவன் விசும்பலை நிறுத்தினான். "பூமி தோத்துடுச்சா?"

"பாரு." காந்தத்தை மெல்ல மெல்ல விலக்கினாள். முள் தயங்கியது, ஆடியது, ஜன்னல் பக்கம் போய் நின்றது.

"பூமி ஜெயிச்சிடுச்சு!" என்று வகுப்பே குதித்தது.

சாயங்காலம் கடைக்குப் போய்க் காந்தத்தை மெக்கானிக் கையில் கொடுத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் அதைத் தகர டப்பாவில் போட்டு மேல்தட்டில் வைத்தார். அதுவே திட்டினமாதிரிதான் இருந்தது. "இனிமே எடுக்க மாட்டேன்" என்றாள்.

வேலை மேஜையில் அரம் தேய்த்த இரும்புத் தூள் கிடந்தது. அவள் சும்மா, தோளிலிருந்து ஊக்கைக் கழற்றி அதன்மேல் நீட்டினாள். தூள் முடிபோல எழுந்து நின்றது.

"என்னங்க! வெறும் ஊக்குங்க இது!"

"அது அப்படித்தான். காந்தத்தோட கொஞ்ச நேரம் இருந்தா இரும்புக்கும் வந்துடும்."

"அதான் எப்படி வருது?"

மெக்கானிக் பற்றவைக்கும் கோலைக் கீழே வைத்தார். "ஆயுசு பூரா கழட்டி மாட்டறேன்" என்றார். "அதை மட்டும் கேக்காத."

விளக்கை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். ஊக்கை அவள் கையிலிருந்து வாங்கி, தூளுக்கு மேலே மெதுவாக நகர்த்தினார். தூள் எழுந்து எழுந்து பின்னாலேயே வந்தது.