உதடு அசையாமல் ஒரு பரீட்சை

கல்யாணமாகி ராசிபுரம் வந்த பிறகும் பெங்களூரு கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். சர்வர்களில் இருக்கும் தகவல்களுக்கு பேக்கப் எடுத்து வைப்பதுதான் என் அன்றாட வேலை. திடீரென்று ஒருநாள், எல்லோரும் கிளவுட் சர்டிஃபிகேஷன் முடித்தாக வேண்டும் என்றார் மேனேஜர். பரீட்சையை வீட்டிலேயே எழுதலாம். கேமரா வழியாக ஒருவர் கண்காணித்துக்கொண்டே இருப்பார்.

பரீட்சையன்று காலையில் அந்தக் கண்காணிப்பாளர் அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னார். முகம் தெரியவில்லை, ஆண்குரல், ஆங்கிலம் மட்டும். காலண்டரைக் கழற்றினேன். பீரோ கண்ணாடியைத் துண்டால் மூடினேன். கட்டிலுக்கு அடியிலும் காட்டச் சொன்னார். அங்கே வெங்காயம் பரப்பியிருந்தது. அவர் அடுத்து மேஜையைக் காட்டச் சொன்னார். எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

வெளியிலிருந்து மாமியார் குரல் கொடுத்தார்: “உள்ள யாரோ ஆம்பள பேசறாங்களே, யாரு சாமி?”

“பரீட்சைக்காரருங்க அத்தை. கொஞ்ச நேரம் கூப்பிடாதீங்க.”

“ஊட்டுக்குள்ள எப்படி வந்தாரு?”

பதில் சொல்ல நேரமில்லை. கேள்விகள் வந்துவிட்டன. ஒவ்வொன்றும் ஒரு பத்தி நீளம். எனக்கு எதையும் வாய்க்குள் தமிழில் சொல்லிப் பார்த்தால்தான் பிடிபடும். மூன்றாவது கேள்வியிலேயே கண்காணிப்பாளரின் குரல் வந்தது, உதட்டை அசைக்கக் கூடாதாம். மறுபடி அசைத்தால் பரீட்சையை நிறுத்திவிடுவாராம்.

அதற்குப் பிறகு எதுவுமே மண்டையில் ஏறவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு படித்தேன். எழுத்துகள் தெரிந்தன, அர்த்தம் தெரியவில்லை. நான்கு விடைகளும் சரியென்று தோன்றும், அடுத்த நொடி நான்கும் தப்பென்று தோன்றும். ஏதோ ஒன்றை அழுத்திக்கொண்டே போனேன். முடிந்ததும் திரையில் ஒரு நன்றி மட்டும் வந்தது.

“பாஸாயிட்டியா?” என்றார் அத்தை.

“தெரியலைங்க.”

“எழுதுன உனக்கே தெரியலையா?”

மறுநாள் மெயில் வந்தது. பாஸ். அத்தை பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேசரி கொடுத்தனுப்பினார். நான் மெயிலைத் திரும்பத் திரும்பப் படித்தேன். தினமும் செய்கிற பேக்கப் பகுதியில் என் மதிப்பெண் குறைவு, இன்னும் தேர்ச்சி வேண்டும் என்று போட்டிருந்தது. ஒருநாளும் தொட்டுப் பார்க்காத நெட்வொர்க் பகுதியில் மிக நன்று.

மேனேஜருக்குச் சந்தோஷம். “நெட்வொர்க் டீமுக்கு வந்துடுங்க. உங்க பலமே அதுதான்னு தெரியாமப் போச்சு” என்றார்.

குருட்டாம்போக்கில் அழுத்தினேன் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அது உண்மைதானா? அத்தனையும் குருட்டாம்போக்கில் சரியாக வருமா? யோசித்துக்கொண்டிருந்ததில் “சரிங்க சார்” என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு மாதமாக அந்த டீமில்தான் இருக்கிறேன். கேட்டால் பதில் சொல்கிறேன், பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. பேக்கப் எடுக்க இப்போது வேறொரு பெண் வந்திருக்கிறாள். சந்தேகம் வந்தால் அவள் என்னிடம்தான் கேட்கிறாள். தினமும் செய்த வேலைதான், ஆனாலும் சொல்லிக்கொடுக்கும் முன் அது சரிதானா என்று ஒவ்வொரு முறையும் புத்தகத்தைப் பார்த்துக்கொள்கிறேன்.