கடல் ஏறவில்லை என்று எழுதியவர்

பெரார்கஞ்சிலிருந்து போன் வந்தபோது நான் செய்தித்தாளில் இருந்த பிழைகளைப் பென்சிலால் சுழித்துக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்றபின் எனக்கு வாய்த்த காலை வேலை அது.

"மேடம், அக்கா போயிட்டாங்க" என்றார் பாக்கியத்தின் தம்பி முருகேசு. எந்த அக்கா என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. "டீ கேட்டாங்க. போட்டுக் கொண்டாறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. இன்னைக்கே எடுக்கிறோம். பாதை வழுக்குது, பார்த்து வாங்க."

பார்த்துத்தான் போனேன். பார்த்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

கே. சிவபாக்கியம், உதவிப் பொறியாளர். எங்கள் பொதுப்பணித்துறை அலுவலகத்தில் பாக்கியம் மேடம். அவருடன் வேலை பார்த்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். அவரை அறியாதவர்களும் போர்ட் பிளேரில் டெலானிபூர் மேட்டிலிருந்து சாத்தாம் ஜெட்டிவரை ஓடும் டவுன் லைன் பஸ்ஸில் ஒருமுறையாவது போயிருப்பார்கள். அவர்களும் படிக்கலாம். மறைந்தவர்களை அன்பே உருவானவர்கள் என்று எழுதுவது வழக்கம். பாக்கியத்தை அப்படி எழுதினால் அவரே சிரிப்பார். அவருடன் வேலை பார்ப்பது கடினம். என்னுடன் வேலை பார்ப்பதும் கடினம் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அதனால்தான் எங்களுக்குள் ஒத்துப்போனது.

சுனாமிக்கு அடுத்த ஆண்டு அவர் மாற்றலாகி வந்தார். இலங்கை மலைத் தோட்டத்தில் பிறந்தவர். சிறுவயதில் குடும்பத்தோடு கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்குக் குடியேறி, போர்ட் பிளேரில் டிப்ளமோ படித்து அரசு வேலைக்கு வந்தவர். அலை வந்த அன்று கச்சாலில் அவருடைய தாயார் போய்விட்டார். மிஞ்சியவர்கள் பெரார்கஞ்சுக்கு வந்து சேர்ந்தார்கள். பாக்கியம் அக்கரையில் பாம்பூஃப்ளாட்டில் வாடகைக்கு ஒரு வீடு பிடித்து, தினமும் ஃபெரியில் இக்கரைக்கு வந்துபோனார்.

நான் அப்போது அலுவலகக் கண்காணிப்பாளர். என் பார்வைக்கு வராமல் எந்த அறிக்கையும் வெளியே போகாது. சோம்பலில் எழுதிய சொல் பொய்க்குச் சமம் என்று எங்கள் கான்வென்ட் சிஸ்டர்கள் எனக்குக் கற்பித்திருந்தார்கள். பாக்கியத்தின் முதல் அறிக்கையில் 'நிலம் தாழ்ந்துவிட்டதால்' என்ற தொடரைச் சுழித்துத் திருப்பி அனுப்பினேன். அவர் நேராக என் மேசைக்கு வந்தார்.

"என்ன மேடம், முட்டை போட்டு வச்சிருக்கீங்க?"

"ஊரே கடல் ஏறிடுச்சுங்குது. காய்கறிக்காரன்கூட பானி பட் கயா, தண்ணி ஏறிடுச்சுன்னு புலம்பறான். நீங்க மட்டும் நிலம் தாழ்ந்ததுன்னு எழுதறீங்க."

"ஊரு சொல்லும். கடல் ஏறல மேடம். பூகம்பத்துல நாம எறங்கிட்டோம்."

"எப்படிச் சொன்னாலும் தண்ணி வந்தது வந்ததுதானே?"

"அப்படி இல்ல. ஏறுன தண்ணின்னா என்னைக்காவது வடியும்னு மேல இருக்கிற சாப்மாரு காத்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க. எறங்குன நெலம் தானா ஏறி வருமா? நாமதான் மண்ணு போட்டு ஏத்தணும்."

நான் ரப்பரை எடுத்து அந்தச் சுழியை அழித்தேன். என் பணிக்காலத்தில் நான் அழித்த பென்சில் குறிகள் மிகக் குறைவு.

சில ஆண்டுகள் கழித்து ஊருக்கு மெட்ரோ வருகிறது என்ற பேச்சு கிளம்பியது. மெயின்லேண்டிலிருந்து ஓர் ஆலோசனைக் கம்பெனி வண்ணப் படங்களோடு வந்தது. தூண்களின்மேல் இரண்டு பெட்டி ரயில், கண்ணாடி நிலையங்கள், கறுப்புக் கண்ணாடி அணிந்து நடைமேடையில் நிற்கும் பெண்கள். எங்கள் ஜீப் ஓட்டுநர் பிஸ்வாஸ் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "மெட்ரோ பி ஜஹாஜ் மே ஆயேகா" என்றார். வெங்காயம், சிமெண்ட், கல்யாணப் பத்திரிகை எல்லாம் கப்பலில் வரும் ஊரில் மெட்ரோவும் கப்பலில்தான் வரும் என்று அர்த்தம். அலுவலகமே சிரித்தது. பாக்கியம் சிரிக்கவில்லை. படத்தில் லைன் எங்கே முடிகிறது என்று விரலால் தேடிக்கொண்டிருந்தார். ஜெட்டியில் முடிந்தது. "அப்ப சரி" என்றார்.

ரயில் கட்டுப்படியாகாது என்று விரைவிலேயே தெரிந்தது. பஸ்களுக்கு மட்டுமென்று தனிச்சாலை, கண்ணாடி நிலையங்கள் என்று திட்டம் சுருங்கியது. பெயர் மட்டும் மெட்ரோவாகவே நின்றது. அந்த வரைபடத்தின் மட்டங்களைச் சரிபார்த்துக் கையெழுத்திடும் பொறுப்பு பாக்கியத்திடம் வந்தது. அவர் கையெழுத்திடவில்லை.

லைனின் கடைசிப் பகுதி கரையோரத் தாழ்நிலத்தின் வழியாக ஜெட்டிக்குப் போனது. முன்பு ஆடு மேய்ந்த இடம். சுனாமிக்குப் பிறகு, பௌர்ணமி அமாவாசைகளில் அங்கே மீன் மேய்ந்தது. வரைபடத்திலோ அது கடலுக்கு மேலே, பாதுகாப்பான உயரத்தில் இருந்தது. நிதியாண்டு முடிவதற்குள் கையெழுத்து ஆகாவிட்டால் அனுமதி காலாவதியாகிவிடும். ஆனால் கையெழுத்திட்டால், கட்டிய சாலை மாதம் இரண்டு முறை கடலுக்குள் போகும்.

நாங்கள் பெரிய சாப் என்று அழைத்த மேலதிகாரியின் அறையில் கூட்டம் நடந்தது. அவரோடு பேச்செல்லாம் இந்தி. நான் தமிழில் தருகிறேன். கம்பெனியின் பொறியாளர் சேலத்துக்காரர், மரியாதையான மனிதர்.

"மேடம், நாங்க பெஞ்ச்மார்க் கல்லுலேர்ந்துதான் அளந்தோம்" என்றார் அவர். கடல்மட்டத்துக்கு மேல் எவ்வளவு உயரம் என்று பொறித்து, அந்தந்த இடத்தில் நட்டுவைத்திருக்கும் கல் அது. "அரசாங்கக் கல்லு. கல்லு பொய் சொல்லுமா?"

"கல்லு பொய் சொல்லாது சார். ஆனா தான் எறங்குனது கல்லுக்கே தெரியாதே" என்றார் பாக்கியம். "நெலத்தோட சேர்ந்து அதுவும் எறங்கிருச்சு. மேல எழுதுன நம்பரு மட்டும் அப்படியே நிக்குது."

சேலத்துக்காரர் பேனாவை மூடிவைத்தார். பெரிய சாப் வேறு வழி சொன்னார். "அப்படியானால் மேட்டுநிலம் இருக்கும் வரைக்கும் போடுவோம். அடிவாரத்தோடு லைன் முடியட்டும். ஜெட்டிக்கு ஆட்டோ இருக்கிறது."

"பாம்பூஃப்ளாட்டு பொம்பளைங்க கீரைக்கூடையோட ஆட்டோவுலயா போறாங்க? ஒருநாள் வந்து பாருங்க சாப். ஃபெரியில எறங்குற நர்சு, பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க எல்லாம் மழையில நடக்குதுங்க. ஜெட்டியில போயி நின்னாத்தான் அது லைனு. இல்லாட்டி நம்மள மாதிரி ஆபீஸ்காரங்களுக்குப் போட்ட ரோடு."

"கண்ணாடி நிலையங்களையும் கட்டி, சாலையையும் உயர்த்த நிதி கிடையாது, பாக்கியம்ஜி."

"கண்ணாடிய விட்டுருங்க."

பெரிய சாப் அந்தக் கண்ணாடி நிலையங்களை மிகவும் விரும்பினார். யோசிக்க ஒரு வாரம் தருவதாகச் சொல்லி எழுந்துவிட்டார். யோசிக்க வேண்டியவர் யார் என்று அவர் சொல்லவில்லை.

பாக்கியம் வெளியே வந்து என்னிடம், "அடுத்த கூட்டத்துக்கு நோட்டீஸ் அடிங்க மேடம். எடம், ஜெட்டி ஸ்டாப்பு கட்டப்போற எடம். நாள், பௌர்ணமி. காலையில" என்றார். எதற்கு என்று கேட்டேன். "வரைபடத்த எடத்துல வச்சுப் பார்க்கணும்னு போடுங்க" என்றார். அந்தக் காரணத்தில் இலக்கணப் பிழையோ விதிமீறலோ எனக்குத் தெரியவில்லை. நோட்டீஸ் போயிற்று.

அன்று காலை புல்தரையில் மேசை போட்டு, வெள்ளை விரிப்பு விரித்து, நாற்காலிகளும் டீ ஃப்ளாஸ்க்கும் வைத்திருந்தார்கள். நல்ல வெயில். பெரிய சாப் இடத்தைப் பார்த்து மகிழ்ந்தே போனார். முதல் விஷயம் முடிவதற்குள் புல்லின் வேரிலிருந்து தண்ணீர் கசியத் தொடங்கியது. இரண்டாவது விஷயத்தில் எங்கள் செருப்புகள் நனைந்தன. பிஸ்வாஸ் தன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, மறுகையால் டீயை நீட்டி, "சாப், மெட்ரோ ஸ்டேஷன் ஆ கயா. டிக்கெட் லீஜியே" என்றார். ஸ்டேஷன் வந்துவிட்டதாம், டிக்கெட் வாங்கவேண்டுமாம்.

"இங்கே நாற்காலி போடச் சொன்னது யார்?" என்று பெரிய சாப் கத்தினார்.

"நான்தான் சாப்" என்றார் பாக்கியம். எழுந்திருக்கவில்லை. "டிராயிங்குல இது காய்ஞ்ச நெலம்."

சேலத்துக்காரர் பேண்ட்டை மடித்துக்கொண்டு தண்ணீரில் நின்று, வரைபடத்தையும் தன் கால்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "இதுல நானே கையெழுத்துப் போட மாட்டேன் சார்" என்று பெரிய சாப்பிடம் சொன்னார். என் சேலையின் கரை நனைந்திருந்தது. நான் அதைத் தூக்கிப் பிடிக்கவில்லை. குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். 'கடல்நீர் புகுந்ததால் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது' என்பது கூட்டக் குறிப்பின் கடைசி வாக்கியம். வழக்கமாக என் குறிப்புகளில் ஏதாவது ஒரு சொல்லை மாற்றும் பெரிய சாப் அதில் எதையும் மாற்றவில்லை.

கண்ணாடி போயிற்று. தகரக் கூரையும் மரப்பலகையும் வந்தன. மண்ணும் கல்லும் கொட்டிக் கரை எழுப்பி, சாலை ஜெட்டிவரை உயர்த்தப்படும் என்று திருத்திய வரைபடத்தில் பாக்கியம் கையெழுத்திட்டார். அனுமதி பிழைத்தது.

அவருக்கு அதன் பலன் வேறுவிதமாகக் கிடைத்தது. ஸ்டோர் பிரிவுக்கு மாற்றினார்கள். பதவி உயர்வுப் பட்டியல் வந்தபோதெல்லாம் அவர் பெயருக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு கேள்வி இருந்தது. அவர் மனு எழுதவில்லை. நான் எழுதித் தருகிறேன் என்றேன். "உங்க இங்கிலீசு நல்லாருக்கும் மேடம். ஆனா அந்த நேரத்துல நான் கரையப் பார்த்துருவேன்" என்றார். காலையில் ஃபெரியிலிருந்து இறங்கியதும், மாலையில் ஏறுவதற்கு முன்பும் அந்தக் கரைமேல் நடப்பார். அது அவர் வேலையில்லை என்று யாரும் அவரிடம் சொல்லத் துணியவில்லை.

ஜல்லி ஏற்றிய கப்பல் தாமதமாகும். வந்த ஜல்லி போதாது. முதல் மழைக்காலத்தில் கரையின் ஒரு பக்கம் சரிந்து சேற்றில் படுத்தது. மெட்ரோ டூப் கயா, மெட்ரோ மூழ்கிவிட்டது என்று கடைத்தெருவில் சிரித்தார்கள். எனக்கு ஆத்திரம் வந்தது. பாக்கியம் கம்பை ஊன்றி, சரிந்த இடத்தில் இறங்கி நின்று, ஒப்பந்தக்காரரின் ஆட்களிடம் பேசினார். "அடியில கல்லு பத்தல. பிரிச்சுக் கட்டுங்க. சிரிக்கிறவங்களுக்கும் சேர்த்துத்தான் கட்டுறோம், நல்லாக் கட்டுங்க."

அன்று மாலை ஜெட்டியில் ஃபெரிக்குக் காத்திருந்தபோது ஒரே ஒருமுறை அவர் கச்சாலைப் பற்றிப் பேசினார். "எங்க லயத்து வீடு இருந்த எடம் இப்ப கடலுக்குள்ள இருக்குக்கா. மேப்புல இன்னும் தரைன்னுதான் போட்டிருக்கான்." அன்றுதான் என்னை முதல்முறையாக அக்கா என்றார். என் கணவர் காலமானபோது என்னிடம் ஆறுதல் சொல்ல வந்தவர்களை எனக்குப் பிடிக்கவில்லை. ஆகவே நானும் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. ஃபெரி வரும்வரை உடன் நின்றேன்.

பிரித்துக் கட்டிய கரை நின்றது. அடுத்த மழையிலும் நின்றது.

திறப்புவிழா மேடையில் அவருக்கு இடமில்லை. அவர் எதிர்பார்க்கவும் இல்லை. பாம்பூஃப்ளாட்டிலிருந்து எல்லோரோடும் ஃபெரியில் வந்து, ஜெட்டியில் நின்ற முதல் பஸ்ஸில் டிக்கெட் வாங்கி ஏறினார். முன்வரிசையில் மாலை போட்ட பெரியவர்கள். ரிப்பன் வெட்டியதும் ஓட்டுநர் வண்டியைக் கிளப்பினார். பாக்கியம் படியில் இறங்கி, ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டார்.

"ருகோ பாய், நிறுத்துங்க. ஃபெரி ஆளுங்க இன்னும் ஏறல."

"மேடம், வி.ஐ.பி. இருக்காங்க" என்று யாரோ உள்ளிருந்து அதட்டினார்கள்.

"இருக்கட்டும். அவங்களுக்கு உக்கார எடம் கெடைச்சிருச்சுல்ல?"

கூடைகளும் குடைகளுமாகக் கூட்டம் ஏறி முடியும்வரை அவர் காலை எடுக்கவில்லை. அந்த லைனின் முதல் பஸ் அப்படித் தாமதமாகத்தான் கிளம்பியது. ஃபெரி வந்து அதன் ஆட்கள் ஏறாமல் ஜெட்டியிலிருந்து பஸ் கிளம்பக் கூடாது என்பது பிறகு எழுத்தில் வந்தது. அதை எழுதியது நான். சொன்னது அவர்.

அவரை எடுத்த மறுவாரம் ஒரு மாலையில் ஜெட்டி ஸ்டாப்புக்குப் போனேன். மழை. ஃபெரி தாமதம். நான் ஏறி உட்கார்ந்த பஸ் எஞ்சின் அணைந்து நின்றுகொண்டிருந்தது. முன் இருக்கையில் இருந்த ஒருவர் பொறுமையிழந்து, "அரே சலோ பாய், கிஸ்கா இந்தஜார் ஹை?" என்று கத்தினார். கிளம்பு, யாருக்காக நிற்கிறாய் என்று அர்த்தம்.

"ஃபெரி கா. ரூல் ஹை" என்றார் ஓட்டுநர். புதியவர்.

"கிஸ்னே பனாயா ஐஸா ரூல்?" யார் போட்டது இப்படி ஒரு சட்டம்?

"பதா நஹீ. பெஹலே சே ஹை." தெரியாதாம். முன்பிருந்தே இருக்கிறதாம்.

நான் எழுந்தேன். ஓடாத பஸ்ஸில் எழுந்து நிற்க இந்த வயதிலும் எனக்குக் கம்பி தேவையில்லை. "கே. சிவபாக்கியம்" என்று உரக்கச் சொன்னேன். "உதவிப் பொறியாளர். அதற்குமேல் அவரை உயர்த்தவில்லை. நீங்கள் நனையாமல் உட்கார்ந்திருக்கும் இந்த இடம் கடலுக்கு மேலே இருப்பதற்கு அவர்தான் காரணம்." என் இந்தி பள்ளிக்கூட இந்தி. பிழை இருந்திருக்காது. அந்த மனிதர் ஜன்னல்பக்கம் நகர்ந்து, பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம்விட்டார்.

பாக்கியத்தின் பொருள் எதுவும் என்னிடம் இல்லை. இன்னும் வந்துசேராதவர்களுக்காக வண்டியை நிறுத்திவைக்கும் பிடிவாதம் ஒன்றை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறேன். என் சுபாவத்துக்கு அது புதிது. இனி விடமாட்டேன்.

ஃபெரியின் ஹார்ன் கேட்டது. ஈரக் கூடைகளோடு பெண்கள் சரிவில் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். ஓட்டுநர் என்னை உட்காரச் சொன்னார். கடைசிப் பெண் ஏறட்டும் என்றேன்.