ரோசம்மாவின் திட்டு

கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆன வருஷம், கொரோனாவுக்கு முந்தி, எங்கள் மலையில் இருக்கும் மாதா கோயிலில் பாட்டுப் பதிவு நடந்தது. என் மனைவி ரோசம்மா பாட, நான் மேளம் அடித்தேன். நடுவில் அவள், "யோவ், இன்னா அவசரம், பஸ்ஸு புடிக்கப் போறியா? மெதுவா அடி" என்றாள். அதுவும் பதிவாகிவிட்டது. ஊருக்குக் கொடுத்த பாட்டில் அதை வெட்டிவிட்டார்கள். வெட்டாத பதிவு என்னிடம் இருந்த பென்டிரைவில் மட்டும்தான்.

அவள் போன பிறகு, அதை விதைச் சாமைப் பானையில் சாம்பலோடு போட்டு வைத்தேன். அதில் பூச்சி வராது. திவசத்தன்று எடுத்துப் போட்டால் பாடவில்லை. பஸ் ஏறி இறங்கி, கள்ளக்குறிச்சி செல்போன் கடைக்குப் போனேன்.

கடைக்காரப் பெண்ணுக்குத் தாய்வீடு எங்கள் மலையிலேயே, கரியாலூர். சாம்பலைத் துடைத்துத் துடைத்துப் போட்டுப் பார்த்தாள். கடைசியில் ரோசம்மா திட்டினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"தாத்தா, வெத சாமைய ஒரே வூட்லயா வெப்பீங்க?"

"இல்லம்மா. பாதிய மச்சான் வூட்ல குடுத்து வெப்போம். இங்க எலி தின்னாலும் அங்க இருக்கும்."

"அப்ப ஆயா கொரல மட்டும் ஏன் ஒரே பானையில வெச்சீங்க? பென்டிரைவு எடுத்துக்கினு போறதுக்குத்தான். அதையே நம்பிக்கினு இருக்கக் கூடாது."

அந்தக் கடையிலேயே ஹார்டு டிஸ்க்கில் ஒன்று ஏற்றி, சின்னசேலத்தில் மகள் வீட்டில் கொடுத்தேன். மெமரி கார்டில் ஒன்று மச்சானுக்கு.

"அக்கா திட்டுனத இன்னிக்கும் கேட்டேன் மாமா" என்று அவன் போன் செய்கிறான்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு குரல் இருக்கும். இன்னொரு வீட்டிலும் கொடுத்து வையுங்கள். தெரிந்தவர்களுக்கும் சொல்லுங்கள்.