தீப்பெட்டி ஆபீஸும் சாணித் தண்ணீர் வாளிகளும்

எட்டயபுரத்திலிருந்து கோவில்பட்டிக்கு எப்படிப் போவது என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். நான் போனதைச் சொல்கிறேன். அறுபதுகளின் தொடக்கம், மழை பொய்த்த ஒரு சித்திரை மாதம். என் தங்கை செல்லம்மா அங்கே ஒரு தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கிக்கொண்டிருந்தாள். தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அவளுக்கு வயிற்றில் ஆறு மாதம். வேலை போதும் என்று வீட்டுக்குக் கூட்டி வரக் கிளம்பினேன்.

காலை எட்டு மணி பஸ். பத்து மைல், நாற்பது காசு. வழியெல்லாம் வெடித்துக் கிடந்த கரிசல். ஜன்னலோரம் உட்கார்ந்தால் புழுதி முழுக்க உங்களுக்குத்தான். ஒன்பதுக்கு இறங்கிக் கால் மணி நேரம் நடந்தேன்.

ஆபீஸ் வாசலில் பதினாறு சிவப்பு வாளிகளில் தண்ணீர். பஞ்சாயத்து சுகாதார இன்ஸ்பெக்டர் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றிலும் சாணியைக் கரைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏன் சார், குடிக்கவே தண்ணியில்ல, இப்படிப் பாழாக்குதீங்களே!"

"நல்ல தண்ணியா வச்சா சாயங்காலம் குடத்துல ஏறி வீட்டுக்குப் போயிருதும்மா. போன வாரம் வந்து பாத்தா அத்தனையும் காலி. தீக்குச்சி மருந்து பத்திக்கிட்டா எதை ஊத்துவிய? பட்டிக்காட்டுப் பொம்பளைக்கு இதெல்லாம் எங்க புரியும்!"

அந்தக் கடைசி வார்த்தையை இன்றுவரை நான் மறக்கவில்லை.

பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மருந்து கலக்கும் அறையில் புஸ்ஸென்று சத்தம், கந்தகப் புகை. ஒட்டியிருந்த கூடத்தில்தான் செல்லம்மா. இன்ஸ்பெக்டர் விசில் ஊதினார். முன்பே பழக்கியிருந்தார் போல, ஆட்கள் வரிசையாக நின்று வாளிகளைக் கைமாற்றினார்கள். நானும் போய் நின்றேன். கூடத்துக் கதவிலும் ஊற்றினார்கள். பதினாறாவது வாளிக்கு முன்பே நெருப்பு அடங்கியது.

செல்லம்மா வெளியே வந்தாள். தலையெல்லாம் சாணி.

"ஏட்டி, பிள்ள அசையுதா?"

"அசையுதுக்கா. நாத்தம் தாங்காம உதைக்குது."

அவள் சிரித்தாள், எனக்கு அழுகை வந்தது. இன்ஸ்பெக்டருக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

இப்போது பஸ் அடிக்கடி உண்டு. தீப்பெட்டி ஆபீஸ் பார்க்கப் போகிறவர்கள், தீப்பிடித்தால் எந்த வழியாக வெளியேறுவது என்று முதலில் கேளுங்கள். கேட்டதற்கு முகம் சுளித்தால் அப்படியே திரும்பிவிடுங்கள்.

பதினொன்றரை பஸ்ஸில் கண்டக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "யக்கா, கடைசி சீட்டுக்குப் போயிருங்க" என்றார். யாரும் பக்கத்தில் உட்காரவில்லை. செல்லம்மா காலை நீட்டி, என் மடியில் தலை வைத்து, ஊர் வரைக்கும் தூங்கினாள்.